ஒன்றேகால் வோல்ட்டில் ஒரு விமானம்

என் வலது ஆள்காட்டி விரலில் மூன்று தையல் போட்ட அன்றுதான் என் கணவர் அந்த விமானத்தின் மேல் முதல்முறையாகக் கோபப்பட்டார். அதுவரை அவர் அதைக் கிண்டல்கூடச் செய்ததில்லை. நாற்பத்துநாலு வயதில், மின்துறையில் இளநிலைப் பொறியாளராக இருக்கும் ஒரு பெண், ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பால்சா என்ற லேசான கட்டையை பிளேடால் சீவிக்கொண்டிருந்தால் எந்த வீட்டிலும் ஏதாவது பேச்சு வரும். எங்கள் வீட்டில் வரவில்லை. அவர் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்தில் போய் உட்கார்ந்து சாப்பிட்டார், அவ்வளவுதான்.

ஆனால் அன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, பைக்கை ஓட்டிக்கொண்டே சொன்னார்: "அந்த இன்ஜின வித்துடு. எறக்க, வாலு எல்லாம் அழகா செஞ்சிருக்க. செவத்துல மாட்டி வச்சுக்கலாம்."

சுவரில் மாட்டுவதற்கா ஒரு வருஷம் உட்கார்ந்து செய்தேன்?

அது கம்பி விமானம். ரேடியோ கிடையாது, ரிமோட் கிடையாது. ஐம்பதடி நீளத்தில் இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் ஒரு பக்க இறக்கையிலிருந்து வந்து நம் கையில் இருக்கும் ஒரு கைப்பிடியில் முடியும். நாம் நடுவில் நிற்போம். விமானம் நம்மைச் சுற்றிச் சுற்றிப் பறக்கும். கைப்பிடியின் மேல்பக்கத்தைப் பின்னால் சாய்த்தால் ஏறும், முன்னால் சாய்த்தால் இறங்கும். கல்லூரியில் தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் நான் மூன்று வருஷம் இருந்தேன். அங்கேதான் இதை முதலில் பார்த்தேன். பெண்கள் நாங்கள் விமானத்தின் எலும்புக்கூட்டை ஒட்டுவோம், மேலே காகிதம் இழுத்துக் கட்டி வார்னிஷ் பூசுவோம். பறக்கவிடும் நாளில் கைப்பிடி பையன்களிடம் போய்விடும். "சுத்துறதுல தலை சுத்தி விழுந்துடுவீங்கம்மா" என்பார் பயிற்சி கொடுத்தவர். நல்ல மனிதர்தான். அப்போது எனக்கு எதிர்த்துக் கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருக்கலாம் என்று பிறகு பல வருஷம் தோன்றிக்கொண்டே இருந்தது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஒரு பயிற்சி வகுப்புக்காகச் சென்னை போயிருந்தபோது, இந்தப் பொழுதுபோக்கில் இருக்கும் ஒருவரிடம் பழைய இன்ஜின் ஒன்று விலைக்கு வந்தது. இரண்டரை சி.சி. உள்ளங்கையில் அடங்கும். கூடவே ஆமணக்கெண்ணெய் கலந்த எரிபொருள் ஒரு டின்னும், இன்ஜினைக் கிளப்ப ஒரு இக்னைட்டரும் கொடுத்தார். அலுமினியத்தின் கனமும் அந்த ஆமணக்கெண்ணெய் வாடையும் கைக்கு வந்ததுமே வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். ரயிலில் காரைக்கால் வந்து சேரும்வரை அதை மடியிலேயே வைத்திருந்தேன்.

அப்புறம் விமானம் செய்ய ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. இன்ஜினை எண்ணெய் தடவி, பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி பீரோவில் வைத்தேன். எரிபொருள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் என்று தெரியும், அதனால் டின்னின் மூடியில் டேப் சுற்றினேன். இக்னைட்டரை மட்டும் கூடத்து ஜன்னல் மேடையில் வைத்தேன். எங்கள் வீட்டு ஜன்னல் கடலைப் பார்த்தது. வருஷா வருஷம் கம்பிக்குப் பெயின்ட் அடித்தாலும் துரு வந்துவிடும் ஜன்னல் அது.

தை மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மொட்டைமாடியில் ஒரு கனமான பலகையில் இன்ஜினை ஸ்குரூ போட்டு முடுக்கி, முதல்முறையாக ஓட்டிப் பார்க்க உட்கார்ந்தேன். எரிபொருள் ஊற்றி, இக்னைட்டரை மாட்டி, இன்ஜினின் முன்னால் இருக்கும் விசிறியை விரலால் சுண்டினேன். ஒன்றுமில்லை. நூறு தடவைக்கு மேல் சுண்டியிருப்பேன். ஒரு சத்தமும் இல்லை.

இந்த இன்ஜினில் மோட்டார் சைக்கிளில் இருப்பதுபோல் தீப்பொறி விடும் பிளக் கிடையாது. க்ளோ பிளக் என்று ஒன்று இருக்கும். அதன் அடியில் பிளாட்டினம் கலந்த மெல்லிய கம்பிச்சுருள். அதைத் தணல்போல் காயவைக்கத்தான் இக்னைட்டர். ஒரு பெரிய ரீசார்ஜ் செல், அதிலிருந்து ஒரு வயர், வயரின் முனையில் பிளக்கின் தலையைக் கவ்விப் பிடிக்கும் ஒரு கிளிப். இன்ஜின் பிடித்துக்கொண்டதும் கிளிப்பைக் கழற்றிவிடலாம். அதன்பின் உள்ளே எரிகிற சூடே அந்தச் சுருளை அணையாமல் பார்த்துக்கொள்ளும். ஒன்றேகால் வோல்ட் போதும். நாள்பூராவும் பதினோராயிரம் வோல்ட் லைனோடு பழகும் எனக்கு அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை.

பிளக்கைக் கழற்றிக் கிளிப்பில் மாட்டிப் பார்த்தேன். சுருள் மங்கலாகச் சிவந்தது. செல்லில் சார்ஜ் இல்லை என்று நினைத்து சார்ஜில் போட்டேன். அடுத்த ஞாயிறு கூடத்தில் உட்கார்ந்து பார்த்தபோது இன்னும் கொஞ்சம் சிவப்பாக எரிந்தது. திருப்தியோடு மாடிக்குப் போனேன். இந்த முறை இன்ஜின் இரண்டு தடவை 'டப்' என்றது. பிறகு மறுபடி ஊமையாகிவிட்டது.

இன்ஜின் விற்றவருக்குப் போன் செய்தேன்.

"பிளக் போயிருக்கும் மேடம். புதுசு மாத்துங்க" என்றார்.

புதுசாக மூன்று பிளக் வரவழைத்தேன். மூன்றிலும் அதே கதை.

"அப்ப ஃபியூயல்ல தண்ணி கோத்திருக்கும். உங்க ஊரு கடலோரம் இல்லையா? அதான்."

புது எரிபொருளைக் கூரியரில் அனுப்ப மாட்டார்கள். அலுவலக வேலையாகச் சென்னை போன சக ஊழியர் ஒருவரிடம் சொல்லி, அவர் காரில் வரவழைத்தேன். டேப் பிரிக்காத டின். அதிலும் இரண்டு 'டப்', அப்புறம் மௌனம். எரிபொருள் அதிகமாக உள்ளே போய் அடைத்திருக்கும் என்று பிளக்கைக் கழற்றி, இன்ஜினைக் கவிழ்த்து விசிறியைச் சுற்றினேன். ஓட்டை வழியாக எண்ணெய் என் சட்டையில் தெளித்தது. காயவைத்து மறுபடி மாட்டினேன். மல்டிமீட்டரை எடுத்து இக்னைட்டரின் கிளிப்பில் வைத்துப் பார்த்தேன். ஒன்று புள்ளி மூன்று. இருக்கவேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. ஆக, கரண்ட் வருகிறது, பிளக் புதுசு, எண்ணெய் புதுசு. அப்படியென்றால் இன்ஜின்தான் கெட்டது என்ற முடிவுக்கு வந்தேன்.

அந்த முடிவோடு ஆத்திரத்தில் சுண்டியபோதுதான் விசிறி திருப்பி உதைத்தது. எலும்பு தெரிந்தது என்று சொன்னால் மிகையாகிவிடும். ரத்தம் பலகை முழுக்க இருந்தது.

எங்கள் தெருவில் ஒரு மெக்கானிக் குடியிருக்கிறார். கிளிஞ்சல்மேடு என்ற மீனவர் ஊர்க்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். அங்கே ஃபைபர் போட்டுகளின் இன்ஜின்களுக்கு அவர்தான் வைத்தியர். என் விரலில் இருந்த கட்டைப் பார்த்துவிட்டு மறுநாள் சாயங்காலம் வாசலில் நின்று கேட்டார்.

"என்னக்கா, கரண்ட் அடிச்சுருச்சா?"

விஷயத்தைச் சொன்னேன். "காட்டுங்க" என்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். இன்ஜினைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விசிறியை மெதுவாகச் சுற்றி, உள்ளே காற்று அழுந்துவதை விரலால் உணர்ந்தார்.

"கம்ப்ரஷன் நல்லாத்தானே இருக்கு. காயில் எங்க? மேக்னெட்டோ எங்க?"

"அதெல்லாம் கெடையாது தம்பி. தீப்பொறியே கெடையாது. இந்தச் சுருளு பழுத்துக்கிட்டே இருக்கும். அழுந்துன காத்தும் எண்ணெயும் அதுல பட்டுப் பத்திக்கும்."

"பத்திக்கிட்டு அப்புறம்? கிளிப்ப எடுத்துட்டா அணஞ்சுறாதா?"

"எரியற சூட்டுல அதுவே பழுத்து நிக்கும்."

அவர் அந்தப் பிளக்கை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பலே" என்றார். "அப்ப இன்ஜின்ல ஒண்ணும் கோளாறு இல்லக்கா. நான் பாத்த வரைக்கும் இது நல்ல இன்ஜின். இத கெட்டதுன்னு சொல்லாதீங்க."

அவர் போனபின் எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. எல்லாமே நல்லது என்றால் எதுதான் கெட்டது?

இரண்டு நாள் கழித்து அலுவலகத்துக்கு ஒரு புகார் வந்தது. ஒரு விவசாயியின் பம்புசெட் மோட்டார் முனகுகிறது, ஓடவில்லை. லைன்மேன் ஸ்பாட்டுக்குப் போய்விட்டு எனக்குப் போன் செய்தார்.

"மேடம், மூணு பேஸ்லயும் வோல்ட் சரியா வருது. நம்ம பக்கம் ஒண்ணுமில்ல. மோட்டார்தான் போச்சுன்னு சொல்லிட்டு வந்துரவா?"

"மோட்டார ஆன் பண்ணி வச்சு அளந்தீங்களா?"

"அதான் ஓடலையே மேடம். ஆஃப் பண்ணிட்டுத்தான் அளந்தேன்."

"என்னண்ணே நீங்க. லோடு இல்லாத கம்பியில வோல்ட் எப்பவும் இருக்கத்தான் செய்யும். ஸ்விட்சப் போட்டு, அது முக்குற நேரத்துல அளங்க. எந்த எடத்துல எறங்குதுன்னு பாத்துக்கிட்டே வாங்க."

பத்து நிமிஷத்தில் திரும்பக் கூப்பிட்டார். மோட்டார் முனகும்போது ஒரு பேஸ் பாதிக்குமேல் இறங்கிவிடுகிறது. விவசாயியின் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு ஸ்குரூ தளர்ந்து, வயர் முனை கருகியிருக்கிறது. முனையை வெட்டி, சுரண்டி முடுக்கியதும் மோட்டார் எடுத்துக்கொண்டது. "தண்ணி கொட்டுது மேடம்" என்றார் சந்தோஷமாக.

நான் போனை வைக்கவில்லை. காதிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினெட்டு வருஷ சர்வீஸ். இதே வார்த்தையை எத்தனை லைன்மேனுக்குச் சொல்லியிருப்பேன்! என் வீட்டு இக்னைட்டரை நான் அளந்தபோது கிளிப்பில் பிளக் இல்லை. சும்மா இருந்த கம்பியை அளந்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று எழுந்துபோயிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் புடவைகூட மாற்றவில்லை. பிளக்கைக் கிளிப்பில் மாட்டி, மீட்டரின் இரண்டு முனைகளையும் கிளிப்பிலேயே வைத்தேன். பூஜ்யம் புள்ளி ஐந்து எட்டு. ஒன்றேகால் வரவேண்டிய இடத்தில் பாதிகூட வரவில்லை. பிளக் எரிந்துகொண்டிருக்கும்போதே செல்லின் இரண்டு முனையிலும் அளந்தேன். ஒன்று புள்ளி இரண்டு ஐந்து. செல் நல்ல செல்தான். ஆக, முக்கால் அடி வயருக்குள் பாதிக்குமேல் காணாமல் போகிறது.

லைனில் எப்படித் தேடுவேனோ அப்படியே தேடினேன். செல்லுக்கும் அதன் ஸ்பிரிங்குக்கும் நடுவில் மீட்டரை வைத்தேன். அங்கே கொஞ்சம்தான் போனது. வயரின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் வைத்தேன். ஒன்றுமே போகவில்லை. வயர் கிளிப்புக்குள் நுழையும் இடத்தில் வைத்தேன். மொத்தமும் அங்கே இருந்தது. இடது கை விரலால் அந்த இடத்தைத் தொட்டேன். சுட்டது. பிளக்கில் இருக்கவேண்டிய சூடு அங்கே இருந்தது.

பிளேடால் வயரின் தோலைக் கீறினேன். உள்ளே செம்பு இல்லை. பச்சையும் கறுப்புமாக ஒரு பொடி. வயர் முனையில் நசுக்கிப் பொருத்திய லக் என்ற உலோகக் குழலுக்குள் நாலைந்து இழைகள் மட்டும் உயிரோடு தொட்டுக்கொண்டிருந்தன. மீட்டருக்கு வேண்டிய எறும்புக் கரண்ட் அதில் போகும். பிளக் கேட்கிற மூன்று ஆம்பியர் போகாது. கூடத்தின் அரையிருட்டில் சுருள் சிவந்ததைப் பார்த்து நான் ஏமாந்திருக்கிறேன். இன்ஜினுக்குள் ஈர எண்ணெய் பட்டதும் அந்தச் சிவப்பு அணைந்துவிடுகிறது. விற்றவர் மேல் குற்றமில்லை, பிளக் மேலும் எண்ணெய் மேலும் குற்றமில்லை. ஒரு வருஷம் ஜன்னலில் உப்புக்காற்று குடிக்க வைத்தது நான்தான்.

ஆனாலும் எனக்கு வந்தது வெட்கம் இல்லை. கண்டுபிடித்துவிட்டேன் என்று கத்தவேண்டும்போல் இருந்தது. கத்தினேன். என் கணவர் அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தார். "இங்க பாருங்க, இங்க பாருங்க" என்று அந்தப் பச்சைப் பொடியைக் காட்டினேன். அவர் முதலில் என் விரலைத்தான் பார்த்தார்.

மெக்கானிக்கிடம் சொன்னதும் போட்டுகளுக்குப் போடும் வயரில் ஒரு முழம் கொண்டுவந்தார். அதன் ஒவ்வொரு இழையும் வெள்ளி நிறத்தில் ஈயம் பூசியிருந்தது. "சாதா செம்புக் கம்பி எங்க ஊர்ல ஒரு சீசன் தாங்காதுக்கா. இது தாங்கும்" என்றார். நசுக்கிப் பொருத்தாமல், சுரண்டி, ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். செல்லின் ஸ்பிரிங்கையும் உப்புத்தாளால் தேய்த்தேன். பிளக்கை மாட்டி அளந்தபோது ஒன்றேகாலுக்குக் கொஞ்சம் கம்மி. சுருள் இப்போது சிவப்பு இல்லை. பட்டப்பகலில், வாசல் வெளிச்சத்தில் மஞ்சளாகக் கண்ணில் குத்தியது. மூன்று வாரமாக நான் சிவப்பு என்று பார்த்ததெல்லாம் என்ன என்று அப்போது புரிந்தது.

அடுத்த ஞாயிறு மாடியில் நான், என் கணவர், மெக்கானிக் மூன்று பேரும் இருந்தோம். இந்த முறை விரலால் சுண்டவில்லை. ரப்பர் குழாய் செருகிய ஒரு குச்சியால் தட்டினேன். முதல் தட்டுக்கு 'டப்'. இரண்டாவது தட்டுக்கு இன்ஜின் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தை எழுத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. எதிர்வீட்டு மாடியில் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்தவர் தட்டைப் போட்டுவிட்டார். ஆமணக்கெண்ணெய்ப் புகை எங்கள் மூன்று பேர் முகத்திலும் அடித்தது. என் கணவர் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

கிளிப்பைக் கழற்றினேன். இன்ஜின் நின்றுவிட்டது.

மறுபடி ஓட்டினேன். கிளிப் இருக்கும்வரை ஓடியது. எடுத்தால் நின்றது. மூன்று முறை அப்படியே. நான் அழாத குறை. மெக்கானிக் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, இது வேற கோளாறு. எண்ணெய் ஜாஸ்தியாப் போவுது. புகையப் பாருங்க, வெள்ளையா கொட்டுது. நனஞ்ச வெறகு மாதிரி எரியுது. கிளிப்போட சூடு இருக்குறவரைக்கும் இழுத்துக்கிட்டுப் போவுது, எடுத்தா அணஞ்சுருது."

எண்ணெயைக் கட்டுப்படுத்த ஒரு ஊசி வால்வு உண்டு. 'கிளிக் கிளிக்' என்று நகரும். ஒரு கிளிக் மூடினேன், ஓட்டினேன். இன்னொன்று. அவர் காதால் கேட்டு "இன்னும்" என்றார், நான் திருகினேன். ஐந்தாவது கிளிக்கில் சத்தம் மாறியது. அதுவரை கரகரத்த தொண்டை சட்டென்று பாட ஆரம்பித்ததுபோல் இருந்தது. மெக்கானிக் கண்ணைத் திறந்து தலையாட்டினார். கிளிப்பைக் கழற்றினேன். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. கிளிப் என் கையில் இருந்தது, இன்ஜின் தன்பாட்டுக்கு ஓடியது. டாங்கு தீர்ந்துதான் நின்றது.

அன்று மத்தியானம் என் கணவர், "வா, ஒரு எடம் காட்டுறேன்" என்று சுரக்குடிக்கு அழைத்துப்போனார். அவர் குடும்பத்து நிலம் அங்கேதான். தினமும் காலையில் பைக்கில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். சம்பா அறுப்பு முடிந்து, எங்கே பார்த்தாலும் உளுந்து முளைத்துப் பச்சையாகக் கிடந்தது. அறுப்புக்குப் பத்து நாள் முன்னாலேயே நெல்லுக்குள் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். நடுவில் ஒரு மா நிலம் மட்டும் காய்ந்து வெறுமையாக இருந்தது. தாள்கூடத் தரையோடு அறுத்திருந்தது.

"இதுல ஏன் தெளிக்கல?" என்றேன்.

"நூத்தியிருவது அடிக்கு நூத்தியிருவது அடி இருக்கு. ஒனக்கு ஐம்பதடிக் கம்பிதானே? நடுவுல நின்னா நாலு பக்கமும் பத்தடி மிச்சம். மேல ஒரு கரண்ட் கம்பியும் போவல, பாத்துக்க."

அண்ணாந்து பார்த்தேன். கம்பி விமானக்காரர்களுக்கு முதல் விதி அது. நாலு திசையிலும் லைன் இல்லை. அவர் தெளிக்காமல் விட்டது தை மாதம் பிறந்த சமயம். அப்போது என் இன்ஜின் ஒரு 'டப்'கூடச் சொல்லியிருக்கவில்லை. அதன்பிறகுதான் என் விரல் கிழிந்தது, "வித்துடு" என்று அவர் சொன்னது எல்லாம். அதைச் சொன்ன நாளிலும் இந்த இடம் இப்படியே காலியாகத்தான் கிடந்திருக்கிறது. வரப்பில் நின்று நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மாசி மாதத்து ஒரு காலையில், காற்று எழும்புவதற்கு முன், அங்கே போனோம். பக்கத்து வயலில் உளுந்துக்குக் களை பறிக்க வந்த பெண்கள் ஆறேழு பேர் வரப்பில் நின்றார்கள். மெக்கானிக் குச்சியால் தட்டி இன்ஜினை ஓட்டிக் கொடுத்தார். என் கணவர் பைக் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு விமானத்தை இரண்டு கையாலும் தலைக்குமேல் பிடித்தார். நான் நடுவில் நின்று கைப்பிடியை இறுக்கினேன். தையல் பிரித்த விரல் இன்னும் மரத்துத்தான் இருந்தது. தலையை ஆட்டினேன். அவர் நாலடி ஓடி விமானத்தை விட்டார்.

கம்பி என் தோளைப் பிடுங்கியது. அவ்வளவு இழுக்கும் என்று எனக்குத் தெரியாது. வேறு ஒருவர் கையில் பார்த்தபோது அது தெரியவே தெரியாது. விமானம் ஆளுயரத்துக்கு இறங்கியது. கைப்பிடியைச் சாய்த்தேன், ஏறியது. அதிகம் ஏறியது, இறக்கினேன். இரண்டாவது சுற்றில் என் கை அதைப் புரிந்துகொண்டது. உளுந்துப் பச்சையும் வரப்பும் மனிதர்களும் கோடாகச் சுழன்றன. அசையாமல் இருந்தது என் கண்ணெதிரே இருந்த விமானம் மட்டும்தான். அதையே பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்குத் தலை சுற்றவில்லை. முப்பது சுற்றுக்குமேல் நான் எண்ணவில்லை. எண்ணெய் தீர்ந்து சத்தம் நின்றதும் அது சாய்ந்து வந்து, தாள்களில் சரசரவென்று உரசி வயிற்றால் இறங்கியது. ஒரு கீறல் இல்லை.

நின்ற பிறகுதான் பூமி சுற்றியது. அப்படியே கட்டாந்தரையில் உட்கார்ந்தேன். வரப்பில் எல்லோரும் கை தட்டினார்கள். நான் செய்தது, நான் ஒட்டியது, நான் அளந்து சரிசெய்தது, நான் பறக்கவிட்டது. மனசுக்குள் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். பெருமைப்படுவதற்கு நான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

களை பறிக்க வந்தவர்களில் வயதில் மூத்தவர் ஒருவர் கிட்டே வந்து இறக்கையைத் தொட்டுப் பார்த்தார். என் கணவரிடம் கேட்டார்: "ஏன் தம்பி, இத எந்தக் கடையில வாங்குனீங்க?"

"கடையில வாங்கல. இவங்க செஞ்சது. இன்ஜின் ஓடாமக் கெடந்துச்சு. எங்க கோளாறுன்னு பெரிய பெரிய ஆளுங்களுக்கே தெரியல. இவங்கதான் கண்டுபுடிச்சாங்க."

கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவர் என்னை 'இவங்க' என்று சொல்லிக் கேட்டது அதுதான் முதல்முறை. சொல்லும்போது ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

அந்த அக்கா என் பக்கம் திரும்பினார். "என்ன இழுவ இழுக்குதும்மா அது. ஒன் தோளு வலிக்கலியா?"

"வலிக்குதுக்கா. நீங்க புடிச்சுப் பாக்குறீங்களா?"

"அய்ய, நானா?" என்றவர் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

மறுபடி எண்ணெய் ஊற்றினோம். நடுவில் அவரை எனக்கு முன்னால் நிற்கவைத்து, கைப்பிடியைப் பிடித்த அவர் கைமேல் என் கையை வைத்தேன். "வெமானத்த மட்டும் பாருங்க, வேற எங்கயும் பாக்காதீங்க" என்றேன். என் கணவர் நாலடி ஓடினார். கம்பி விறைத்ததும் அந்த அக்கா "எம்மாடி" என்று ஒரு சத்தம் போட்டார். அதன்பின் விமானத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. களைக்கொட்டு பிடித்துக் காய்த்துப்போன அந்தக் கை என் கையைவிட உறுதியாக இருந்தது. பத்துப் பன்னிரண்டு சுற்றுக்குப் பிறகு நான் என் பிடியை மெல்லத் தளர்த்தினேன். அது அவருக்குத் தெரியவில்லை. விமானம் நேராகப் போய்க்கொண்டிருந்தது.